மணிலாவின் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், ஒரு ஜூலை 4 அன்று, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சக ஊழியருக்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். என் பக்கத்து மேசைக்காரர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பெண்மணி. வாழ்த்தெல்லாம் முடிந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "என் அம்மா பள்ளியில் படித்த காலத்தில் எங்களுக்கும் இதே நாள்தான் சுதந்திர தினம்." பேச்சு அதோடு நின்றுவிட்டது. எனக்குத்தான் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1946 ஜூலை 4 அன்று அமெரிக்கா பிலிப்பைன்ஸுக்கு விடுதலை கொடுத்திருக்கிறது. தன்னுடைய சுதந்திர தினத்தையே அவர்களுக்கும் தேதியாக வைத்திருக்கிறது. 1962 இல் அதிபர் தியோஸ்தாதோ மக்கபகால் அந்த நாளை ஜூன் 12 ஆக மாற்றினார். 1898 ஜூன் 12 அன்று மணிலாவுக்குத் தெற்கே கவித் என்ற ஊரில், தன் வீட்டில், விடுதலைப் போராட்டத் தலைவர் எமிலியோ அகினால்டோ ஸ்பெயினிடமிருந்து விடுதலையை அறிவித்துக் கொடியேற்றினார். ஆசியாவில் ஐரோப்பியக் காலனியாட்சியை எதிர்த்து எழுந்த முதல் விடுதலை அறிவிப்புகளில் அது ஒன்று. அறிவித்த நாளுக்கும் கிடைத்த நாளுக்கும் இடையில் 48 ஆண்டுகள்.

அமெரிக்க ஏகாதிபத்தியம் ஒழிக என்ற சுவரெழுத்தைப் படித்தபடியே பள்ளிக்கூடம் போன தலைமுறை நம்முடையது. அந்த முழக்கத்துக்குள் வியட்நாம் இருந்தது, சிலி இருந்தது, பிற்பாடு ஈராக் வந்து சேர்ந்தது. பிலிப்பைன்ஸ் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இது பற்றிப் பேச்செடுத்தபோது, நிறையப் படிக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: பிரிட்டனைப் போல அமெரிக்கா நாடு பிடிக்கக் கிளம்பவில்லை, கியூபாவுக்காக ஸ்பெயினோடு சண்டைக்குப் போனது, சண்டை முடிந்தபோது சில தீவுகள் கையில் வந்து விழுந்தன, அவ்வளவுதான் என்று. அவர் ஒருவரின் கருத்தல்ல இது. அமெரிக்காவிலேயே பலரும் நெடுங்காலமாக இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். தற்செயல் என்ற இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

முதலில் ஹவாய்

ஸ்பெயினோடு போர் மூள்வதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஹவாயில் இந்தக் கதை தொடங்கிவிட்டது. 1893 ஜனவரியில் அங்கே சர்க்கரைத் தோட்டச் செல்வமும் அமெரிக்க வம்சாவளியும் கொண்ட ஒரு சிறு கூட்டம், அரசி லிலியுஓகலானியை அரியணையிலிருந்து இறக்கியது. அதற்கு முந்தைய நாள் துறைமுகத்தில் நின்ற பாஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து துருப்புகள் ஹொனலூலுவில் இறங்கின. துருப்புகளை இறக்கியவர் அமெரிக்கத் தூதர் ஜான் ஸ்டீவன்ஸ். அடுத்து அதிபரான குரோவர் கிளீவ்லாண்ட் விசாரணைக்கு ஆள் அனுப்பினார், நடந்தது அநியாயம் என்று அறிக்கை வந்தது, ஹவாயை அமெரிக்காவோடு இணைக்கும் முயற்சி நின்றது. 1897 இல் மறுபடியும் ஓர் இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க செனட்டுக்கு வந்தபோது, ஹவாயின் பூர்வகுடி மக்கள் 21,000 பேருக்கு மேல் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அன்றைக்கு அவர்களின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 40,000 தான். தீவு தீவாகப் போய் வாங்கிய அந்தக் கையெழுத்துத் தாள்கள் வாஷிங்டனுக்குச் சென்றன, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு சேரவில்லை, ஒப்பந்தம் தோற்றது. அறவழியில் ஒரு சிறு இனம் பெற்ற பெரிய வெற்றி அது. 1898 ஜூலையில் போர்ச் சூட்டில் அதே காரியத்தை ஒப்பந்தமாக இல்லாமல் கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஹவாய் போய்விட்டது.

கடற்படைதான் வல்லரசின் முதுகெலும்பு என்று 1890 முதல் எழுதிவந்த ஆல்ஃபிரட் மஹான், 1893 இன் பொருளாதார வீழ்ச்சி, சீனச் சந்தை மீதிருந்த ஆசை, உள்நாட்டில் குடியேற நிலம் தீர்ந்துவிட்டது என்ற பேச்சு, எல்லாம் இதற்குப் பின்னணியில் உண்டு. அவற்றை விரிக்கப் போவதில்லை. மக்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் விதியை மாற்றி எடுத்துக்கொண்டதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 13

என்னைத் தூங்கவிடாமல் செய்தது மணிலாவில் நடந்த ஒரு நாள் நிகழ்ச்சி. 1898 மே 1 அன்று அமெரிக்கக் கடற்படையின் கமடோர் ஜார்ஜ் டூயியின் கப்பல்கள் மணிலா விரிகுடாவில் ஸ்பெயினின் பழைய கப்பற்படையை ஒரு காலைப் பொழுதில் அழித்தன. கடல் அமெரிக்கர் கைக்கு வந்தது. ஆனால் கரையில் இறக்க அவரிடம் படை இல்லை. ஹாங்காங்கில் நாடு கடந்து வாழ்ந்த அகினால்டோவை மே 19 அன்று அமெரிக்கக் கப்பலிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். அவர் வந்து இறங்கியதும் கிளர்ச்சி மறுபடி பற்றிக்கொண்டது. சில வாரங்களில், மணிலா இருக்கும் லூசோன் தீவின் பெரும்பகுதி பிலிப்பினோக்கள் கையில். ஜூன் முடிவதற்குள் மணிலாவைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டார்கள். நகருக்குப் போகும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். ஸ்பெயின்காரர்களிடம் மிஞ்சியது இன்ட்ராமுரோஸ் என்ற மதில் சூழ்ந்த பழைய நகரமும் அதை ஒட்டிய சில பகுதிகளும்தான். 300 ஆண்டுக்கு மேல் தங்களை ஆண்டவர்களை அந்த மதிலுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள் அந்த நாட்டு மக்கள். ஜூன் 12 அறிவிப்பில் அமெரிக்காவை வல்லமையும் மனிதநேயமும் மிக்க நாடு என்று புகழ்ந்து, அதன் பாதுகாப்பை நம்பியிருப்பதாகவே எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்கிவிடுகிறது.

ஜூன் கடைசியிலிருந்து அமெரிக்கத் தரைப்படைகள் கப்பல் கப்பலாக வந்தன. ஜூலை இறுதியில் தளபதி வெஸ்லி மெரிட் வந்து சேர்ந்தார். கடற்கரையை ஒட்டி, சான் அந்தோனியோ அபாத் கோட்டைக்கு எதிரே இருந்த பதுங்குகுழிகளை எங்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று அமெரிக்கர் கேட்டார்கள். நண்பர்கள்தானே என்று பிலிப்பினோப் படையினர் விட்டுக்கொடுத்தார்கள். அதே நாட்களில் வேறொரு பேச்சுவார்த்தையும் நடந்துகொண்டிருந்தது. பெல்ஜியத்தின் தூதரக அதிகாரி எதுவார் ஆந்த்ரே, அமெரிக்கத் தளபதிகளுக்கும் மதிலுக்குள் இருந்த ஸ்பானிய ஆளுநர் ஃபெர்மின் ஹாவுதேனெஸுக்கும் இடையில் செய்தி கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஸ்பானிய ஆளுநருக்குச் சண்டை போடாமல் சரணடைய முடியாது, ஊருக்குப் போனால் ராணுவ நீதிமன்றம் காத்திருக்கும். சரணடையவும் அவர் தயார், ஆனால் வெள்ளையரிடம் மட்டும். ஆகவே ஒரு சண்டையை நடத்திக் காட்டுவது என்று முடிவானது. அமெரிக்கக் கப்பல்கள் பழைய கோட்டையை நோக்கிச் சிறிது நேரம் சுடும். நகர மதில் மேலிருக்கும் பெரிய பீரங்கிகள் பதிலுக்குச் சுடாது. சரணடைகிறீர்களா என்று டூயியின் கப்பல் கொடி காட்டும். மதிலில் வெள்ளைக்கொடி ஏறும். ஒரு நிபந்தனை: பிலிப்பினோக்களை உள்ளே விடக்கூடாது.

ஆகஸ்ட் 13 காலையில் மழை. ஒன்பதரை மணி வாக்கில் கப்பல்கள் சுடத் தொடங்கின. மதியத்துக்குள் வெள்ளைக்கொடி ஏறிவிட்டது. ஏற்பாட்டை அறிந்தவர்கள் மேலிருந்த சிலர்தான்; கீழிருந்த சிப்பாய்களுக்குத் தெரியாது. அதனால் தெற்குப் பக்கம் சிங்கலோங் வழியாக முன்னேறிய அணியில் நிஜமாகவே துப்பாக்கிச் சூடு நடந்து இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். தங்கள் தளபதிகள் பேசி முடித்துவிட்ட ஒரு விஷயத்துக்காக உயிரைக் கொடுத்த அந்தச் சிப்பாய்களும் ஏமாற்றப்பட்டவர்களே. அனுமதியில்லாமல் நகருக்குள் வந்தால் சுடுவோம் என்று அகினால்டோவுக்கு ஏற்கெனவே தகவல் போயிருந்தது. அவருடைய ஆட்கள் புறநகர்ப் பகுதிகள் சிலவற்றுக்குள் புகுந்துவிட்டாலும் மதிலுக்குள் நுழைய முடியவில்லை. வாசலில் நின்று தடுத்தவை அமெரிக்கத் துப்பாக்கிகள்.

இதில் இன்னொன்று உண்டு. வாஷிங்டனில் அமெரிக்காவும் ஸ்பெயினும் போர்நிறுத்த உடன்பாட்டில் ஆகஸ்ட் 12 அன்றே கையெழுத்திட்டுவிட்டன. மணிலாவிலிருந்து ஹாங்காங் போகும் கடலடித் தந்திக் கம்பியை டூயி மே மாதமே வெட்டியிருந்ததால் செய்தி வந்து சேரத் தாமதமானது. போர் முடிந்த பிறகு, முன்கூட்டியே பேசி வைத்த ஒரு சண்டையில், மணிலா கைமாறியது. நகரை யாரோடும் பங்கிட்டு ஆளக்கூடாது என்று சில நாட்களிலேயே அதிபர் மக்கின்லியிடமிருந்து உத்தரவும் வந்தது.

கையில் வந்து விழுந்த தீவுகள் என்று சொல்பவர்கள் இந்த ஒரு நாளை மட்டும் எடுத்துப் படிக்க வேண்டும். அன்று காலை வரை ஸ்பெயின் எதிரி, பிலிப்பினோக்கள் கூட்டாளிகள். அன்று மாலை எதிரியோடு கைகுலுக்கிக்கொண்டு கூட்டாளியை வெளியே நிறுத்தியாயிற்று. மணிலாவைப் பிடித்துத் தருவதற்கு அகினால்டோவின் ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிடித்த பிறகு அவர்கள் இருப்பதே இடையூறாகிவிட்டது. பேரரசாவது என்ற தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றம் விவாதித்து எடுப்பதற்கு ஆறு மாதம் முன்பே, மழையில் நனைந்த ஒரு மதில் வாசலில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதே என் எண்ணம்.

பாரிஸில் எழுதிய பத்திரம்

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தைத்தான் நினைவூட்டுகின்றன. விற்பவரும் வாங்குபவரும் உள்ளே உட்கார்ந்து கையெழுத்துப் போட, தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தை உழுதவர் வெளியே திண்ணையில் காத்திருப்பார். அகினால்டோவின் தூதராக ஃபெலிப்பே அகொன்சீலியோ வாஷிங்டன் போனார். மக்கின்லி அவரைச் சந்தித்துப் பேசினார், தூதராக ஏற்கவில்லை. அங்கிருந்து பாரிஸ் போனார். பேச்சுவார்த்தை நடந்த அறைக்குள் அவரை விடவில்லை. 1898 டிசம்பர் 10 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவும் பசிபிக் தீவான குவாமும் அமெரிக்காவுக்கு. பிலிப்பைன்ஸும் அமெரிக்காவுக்கு, அதற்கு விலையாக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர். அந்த ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு, இத்தீவுகளின் பூர்வகுடிகளுடைய குடிமை உரிமைகளும் அரசியல் நிலையும் அமெரிக்க நாடாளுமன்றத்தால் தீர்மானிக்கப்படும் என்கிறது. விற்ற ஸ்பெயினின் கையில் அப்போது அந்த நாட்டின் பெரும்பகுதி இல்லை. இரண்டு நாள் கழித்து அகொன்சீலியோ இதைச் சொல்லி எழுத்தில் மறுப்புக் கொடுத்தார். பதில் வரவில்லை.

அமெரிக்காவுக்குள் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பாஸ்டனில் தொடங்கிய ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தில் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் இருந்தார், இரும்பு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி இருந்தார், பிற்பாடு மார்க் ட்வைன் வந்தார். அந்த 2 கோடி டாலரைத் தானே தந்துவிடுவதாகவும் பிலிப்பினோக்களை விட்டுவிடும்படியும் கார்னெகி கேட்டார். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எதிர்த்தவர்கள் எல்லோரும் நியாயத்துக்காக எதிர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழுப்பு நிற மக்கள் கூட்டமாக அமெரிக்கக் குடிமக்களாகிவிடுவார்களே என்ற அருவருப்பில் எதிர்த்த தென்மாநிலத்து அரசியல்வாதிகள் பலர். சேர்க்க வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் பிலிப்பினோக்களை ஒரே கண்ணால்தான் பார்த்தார்கள்.

1899 பிப்ரவரி 4 இரவு, மணிலா புறநகரில் நெப்ராஸ்கா படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு காவல் சிப்பாய் சுட்டதில் போர் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 6 அன்று, செனட் 57-க்கு 27 என்ற கணக்கில் பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்றது. வேண்டிய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஓர் ஓட்டு. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஜனவரி 23 அன்று, மாலோலோஸ் நகரின் பராசோவாயின் தேவாலயத்தில் பிலிப்பைன்ஸ் குடியரசு முறைப்படி பதவியேற்றிருந்தது. தனக்கென ஓர் அரசியல் சட்டத்தையும் எழுதி வைத்திருந்தது.

அந்தப் போரைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. அமெரிக்க அரசின் சொந்தக் கணக்கிலேயே 4,200-க்கு மேற்பட்ட அமெரிக்கரும் 20,000-க்கு மேற்பட்ட பிலிப்பினோப் போராளிகளும் இறந்தார்கள். சண்டை, பசி, நோய் எல்லாம் சேர்த்துப் பொதுமக்கள் 2 லட்சம் பேர் வரை மடிந்தார்கள். கியூபாவில் ஸ்பானியத் தளபதி வேலர் கிராமத்து மக்களை முகாம்களில் அடைத்துச் சாகவிட்டார் என்ற கோபத்தில்தான் அமெரிக்கப் பொதுமக்கள் ஸ்பெயினோடு போரை ஆதரித்தார்கள். நான்கே ஆண்டுகளில், பதங்காஸ் மாகாணத்தில் அமெரிக்கத் தளபதி ஃப்ராங்க்ளின் பெல் அதே முறையைக் கையாண்டார்: குறித்த எல்லைக்குள் வந்துவிடு, வெளியே இருப்பது எதுவானாலும் அழிக்கப்படும். வாயில் தண்ணீரை ஊற்றி வயிறு வீங்கச் செய்து உண்மை வரவழைக்கும் சித்திரவதையைப் பற்றி, அதைக் கண்ணால் பார்த்த அமெரிக்கச் சிப்பாய்களே 1902 இல் செனட் குழு முன் சாட்சி சொன்னார்கள். வழக்கமாக இந்தப் போருக்கு முடிவு ஆண்டு 1902 என்பார்கள். அந்த ஆண்டு ஜூலை 4 அன்றுதான் அதிபர் ரூஸ்வெல்ட் கிளர்ச்சி ஓய்ந்ததாக அறிவித்தார். மறுபடியும் அதே தேதி.

சமார் தீவின் பலங்கிகா என்ற சிற்றூரில் 1901 செப்டம்பர் 28 காலை, கூலியில்லா வேலைக்குப் பிடிக்கப்பட்ட ஊர்மக்கள் தேவாலய மணி ஒலிக்க அரிவாளோடு எழுந்து, முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் 48 பேரைக் கொன்றார்கள். பதிலடியாகத் தளபதி ஜேக்கப் ஸ்மித், பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண் எவனையும் விட்டுவைக்காதே என்று வாய்மொழியாக உத்தரவிட்டார். ராணுவ நீதிமன்றம் அவருக்குக் கொடுத்த தண்டனை, ஒரு கண்டிப்பு. பிறகு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தேவாலயத்தின் மூன்று மணிகளையும் சிப்பாய்கள் எடுத்துப் போனார்கள். இரண்டு, வயோமிங் மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்தில் நினைவுச்சின்னமாக நின்றன. ஒன்று தென்கொரியாவில் அதே படைப்பிரிவோடு இருந்தது. பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2018 டிசம்பரில் அவை ஊர் திரும்பின.

ஆரஞ்சுப் பழ வழக்கு

போர் முடிந்துவிடும், சட்டம் தங்கிவிடும். 1900 இல் நியூயார்க் துறைமுகத்துக்குப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஆரஞ்சுப் பழங்கள் வந்தன. சுங்கத்துறை 659 டாலர் 35 சென்ட் வரி கேட்டது. போர்ட்டோ ரிக்கோ இப்போது அமெரிக்காதானே, உள்நாட்டுச் சரக்குக்குச் சுங்கம் எதற்கு என்று டவுன்ஸ் என்ற வணிகர் வழக்குப் போட்டார். 1901 மே மாதம் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதியல்ல. அரசியல் சட்டம் அங்கே முழுமையாகச் செல்லாது என்பது அதன் சாரம். நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் கடுமையாக மறுத்து எழுதினார். 1896 இல், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி ரயில் பெட்டி சரியே என்று அதே நீதிமன்றம் சொன்னபோதும் தனித்து நின்று மறுத்தவர் அவர். ஆரஞ்சுப் பழத்துக்குச் சொன்ன தீர்ப்பு லட்சக்கணக்கான மனிதர்களைக் கட்டிப்போட்டது. இன்றைக்கும் தீவில் வசிக்கும் போர்ட்டோ ரிக்கோக்காரர் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. பசிபிக்கில் அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள அமெரிக்கன் சமோவாவில் பிறப்பவர் பிறப்பால் அமெரிக்கக் குடிமகனாவதில்லை. அந்தத் தீர்ப்பையும் அதையொட்டி வந்த தீர்ப்புகளையும் தூக்கியெறிய வேண்டும் என்று 2022 இல் உச்ச நீதிமன்ற நீதிபதி நீல் கோர்சச்சே எழுதினார். அதே ஆண்டு சமோவாக்காரர்களின் வழக்கு வந்தபோது நீதிமன்றம் அதை விசாரணைக்கே எடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் கட்டினார்களே என்ற வாதம் இங்கேயும் உண்டு. 1901 ஆகஸ்டில் தாமஸ் என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். அவர்களில் உண்மையான அக்கறையோடு வந்தவர்கள் பலர். வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டு இறந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. வெள்ளைக்காரன் ரயில் விட்டானே என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்குப் பதில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாலோலோஸ் அரசியல் சட்டம் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியை 1899 இலேயே எழுதி வைத்திருந்தது.

என் பக்கத்து மேசைப் பெண்மணியிடம் இதையெல்லாம் பிறகொரு நாள் பேசினேன். அவர் 1991 செப்டம்பர் 16 பற்றிச் சொன்னார். சூபிக் விரிகுடாவின் கடற்படைத் தளத்தை அமெரிக்கா தொடர்ந்து வைத்துக்கொள்வதற்கான ஒப்பந்தத்தை பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்று நிராகரித்த நாள். வாக்கெடுப்பின்போது வெளியே மழையில் கூட்டம் நின்றிருந்ததாம். அவரும் அதில் இருந்தாராம். இந்த முறை வெளியே நின்றவர்களுக்காக உள்ளே வாக்களித்தவர்கள் அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் கப்பற்படை சூபிக்கை விட்டுப் போனது. 2014 இல் வேறொரு உடன்பாட்டின் வழியாக அமெரிக்கத் துருப்புகள் சுழற்சி முறையில் திரும்பி வந்தன. இப்போது பிலிப்பைன்ஸ் ராணுவத் தளங்களில் ஒன்பது இடங்களை அவர்கள் பயன்படுத்தலாம். தென்சீனக் கடலில் சீனா நெருக்குவதால் அதை வரவேற்கும் பிலிப்பினோக்கள் நிறையப் பேர், அவரும் அவர்களில் ஒருவர். அந்த வரவேற்பைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. என் வருத்தம் வேறு: 2014 உடன்பாட்டை அதிபர் தரப்பு செனட்டின் வாக்குக்குக் கொண்டுபோகவே இல்லை. எங்களைக் கேட்க வேண்டும் என்று செனட் தீர்மானம் போட்டது. அதிபரே முடிவெடுக்கலாம் என்று 2016 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1991 இல் மழையில் நின்றவர்களுக்கு இம்முறை வாக்கெடுப்புக்குக் காத்திருக்கவும் வழியில்லாமல் போனது.